பாதிப் படமும் பழைய மோட்டார் சைக்கிளும்

மகாராஜபுரத்திலிருந்து தேங்காய் ஏற்றி வந்த மாட்டுவண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, காய்க் குவியலின் நடுவிலிருந்து இரும்புக் கொம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கோழி எச்சம் காய்ந்து வெளுத்திருந்தது.

என் கணவர் வண்டியின் பின்னால் நடந்தே வந்திருந்தார். புழுதியில் புருவம்கூட நரைத்துப் போயிருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, உள்ளதைச் சொல்வதானால், எங்கள் திருமணத்தன்றுகூட நான் கண்டதில்லை.

சத்தம் கேட்டு மதினி வெளியே வந்தார். மதினி என் கணவரின் அக்காள். இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். அந்த வீட்டில் அவர் வைத்ததே சட்டம்.

“ஏலே ஜெயராசு, என்னலே இது? செத்த மாட்டையா ஏத்திட்டு வாரே?”

“மாடு இல்லக்கா. மோட்டார் சைக்கிள்.”

“ஓடுமா?”

“ஓட வைக்கணும்.”

“அப்பம் மாடே தேவல. செத்தாலும் தோலாவது மிஞ்சும்.”

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தேங்காய்களை ஒதுக்கினார். பலகையில் கிடத்தியிருந்த அந்த இரும்பு உருவம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. இருக்கையின் தோல் கிழிந்து உள்ளே வைக்கோல் அடைந்திருந்தது. வைக்கோலுக்குள் ஒரு முட்டை இருந்தது. மதினி அதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு படம், இரண்டு ஊர்

எங்கள் டூரிங் கொட்டகையைப் பற்றிச் சென்ற வாரங்களில் எழுதியதைப் படிக்காதவர்களுக்காகச் சற்றே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பருத்தி ஜின்னிங் மில்லில் பிட்டர் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, பேசும் படங்கள் வரத் தொடங்கிய புதிதில், ராஜபாளையத்தின் வடக்கு ஓரத்தில் கொட்டகை போட்டார். புதிய படம் என்று எதுவும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. வெள்ளைக் கோடுகள் மழையாய்ப் பொழியும் தேய்ந்த படங்களே வந்தன. வந்த கூட்டமும் தேய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஆடியில், பாட்டுகளுக்காகவே தென்மாவட்டமெங்கும் பேசப்பட்ட படம் ஒன்று வில்லிபுத்தூர்க் கொட்டகைக்கு வருவதாக இருந்தது. ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தை எண்ணி அந்தக் கொட்டகைக்காரர் அதை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இரண்டு பிரதிகள் தருவதற்கு மதுரைப் படக் கம்பெனிக்காரர்கள் சம்மதிக்கவில்லை.

அந்தப் படமும் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு என் கணவர் மில்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால், இனி தேவைப்படாது என்று பெட்டிக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த காக்கிச் சட்டையை எடுத்துத் துவைத்துத் தரும்படி ஒருநாள் கேட்டார்.

மறுநாளே அவர் வில்லிபுத்தூர் போய் ஒரு யோசனையை முன்வைத்தார். அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்தச் சுருள்களை ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து எங்கள் ஆட்டத்தைத் தொடங்குவது; எங்கள் முதல் பாதி முடிவதற்குள் போய்ப் பின்பாதியையும் கொண்டுவருவது; அங்கே இரண்டாம் ஆட்டத்துக்கு மணி அடிப்பதற்குள் முதல் பாதியைத் திருப்பிச் சேர்ப்பது; அந்த ஆட்டத்தின் இடைவேளைக்குள் பின்பாதியையும் சேர்ப்பது. ஒரே படம், ஒரே மாலையில், இரண்டு ஊர்களில் ஓடும்.

கொட்டகைக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாராம்: “எதுல வேய் கொண்டு போவீரு? சைக்கிள்ளயா? நீரு ராஜபாளையம் போய்ச் சேருறதுக்குள்ள கதாநாயகிக்குப் பேரன் பொறந்துருவான்.”

“மோட்டார் சைக்கிள்ள அண்ணாச்சி.”

“ஒம்மகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கா?”

“இருக்கு.”

அப்போது இல்லை. இருக்கிற இடம் மட்டும் தெரியும்.

“சரி. ஆனா ஒண்ணு. என் ரெண்டாவது ஆட்டத்து மணிக்கு முன்னால படப் பெட்டி இங்கன இருக்கணும். ஒரு நாள் பிந்துனாலும் மறுநாள் பெட்டி கிடையாது.”

அந்த வண்டியை நான் அறிவேன்

வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களைச் சீரமைக்க வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது அந்த வண்டியை மகாராஜபுரத்து விவசாயி ஒருவரின் மாட்டுக் கொட்டத்தில் விட்டுப் போயிருந்தார். விவசாயி அதைக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

சிறுமியாக இருந்தபோது அது ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். நான் பிறந்தது வில்லிபுத்தூரில். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கிருஷ்ணன்கோவில் சாலையில் எங்கள் வகுப்புப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அது படபடவென்று வந்தது. வரிசை சிதறி எல்லோரும் வேலிக்குள் விழுந்தோம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் அந்தப் பெட்ரோல் வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்தேன். ஒரு பெண் குழந்தை அப்படிச் செய்யலாமா என்று டீச்சர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

திரைப்படமும் எனக்கு அப்பா வழியாகவே வந்தது. ஊமைப் படங்களின் காலத்தில், திரையில் தோன்றும் ஆங்கில வாசகங்களைத் தமிழில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒருநாள் வராமல் போகவே, அப்பாவைக் கெஞ்சி அழைத்துப் போனார்கள். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டும் கட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கும் அதே குரலில் அப்பா, “ஆகையால், அன்பரே, உம்முடைய பணத்தை இப்பொழுதே தருவீராக” என்றாராம். கூட்டம் சிரித்த சிரிப்பில், அதற்குப் பிறகு யாரும் அவரை அழைக்கவில்லை. அவருக்கு அதில் கடைசிவரை சிறு வருத்தம் உண்டு.

இனி வண்டிக்கு வருகிறேன்.

பட்டாசாலையில் எஞ்சின்

ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊரைப் புழுதியால் குளிப்பாட்டும் காலம் அது. பிரித்த எஞ்சினுக்குள் மணல் விழுந்தால் எல்லாம் வீண் என்று சொல்லி, என் கணவர் அதை வீட்டுக்குள், பட்டாசாலை என்னும் முன்கூடத்துக்கே கொண்டு வந்துவிட்டார். தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் என் பழைய சேலை ஒன்றை விரித்து, எஞ்சினை அதில் இருத்தினார்.

“கல்யாணமாகி வந்த புள்ளைக்கிக்கூட இம்புட்டு மரியாதையா விரிக்கல,” என்றார் மதினி.

புகைபோக்கிக் குழாயை முதலில் கழற்றினோம். உள்ளே குளவி கட்டிய மண்கூடு, சுட்ட செங்கல் போல இறுகிக் கிடந்தது. அதை ஊசியால் குத்திக் குத்தி உதிர்க்க ஒரு பகல் ஆயிற்று. பிஸ்டன் துருவேறி உருளைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டிவிடலாம் என்று என் கணவர் எழுந்தார்.

“உடைஞ்சா வேற கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“கிடைக்காது.”

“அப்பம் ஊறட்டும்.”

உருளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி மூடிவைத்தோம். விடிந்ததும் நான் போய் அச்சைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். அசையாது. இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். உலை வைத்துவிட்டு வந்து மறுபடி அசைப்பேன். மதினி அடுப்பங்கரையிலிருந்தே, “அந்த எண்ணெய வெளக்குல ஊத்துனா வெளிச்சமாவது வரும்,” என்பார்.

ஒரு காலையில், வழக்கம்போல அசைத்தபோது, உள்ளே எதுவோ ‘நறுக்’ என்றது. மறுபடி அழுத்தினேன். பிஸ்டன் ஒரு மயிரிழை நகர்ந்தது. என் கணவர் கிணற்றடியில் சோப்பு நுரையோடு நின்றார். நான் ஓடிப்போய்ச் சொன்னதும், நுரையோடு அப்படியே உள்ளே வந்துவிட்டார். நாங்கள் இருவரும் மாறி மாறி அதை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தோம். அடுப்பில் சோறு குழைந்து போனதை மதினி வந்து சொல்லும்வரை எங்களுக்கு வேறு நினைவில்லை.

அதன்பிறகு வேலை வேகமெடுத்தது. மின்பொறி தரும் மாக்னெட்டோவை வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்தோம். பொறி வருகிறதா என்று பார்க்கும் நேரத்தில், “எங்கலே பொறி?” என்று மதினி விரலை நீட்டினார். அடுத்த கணம் அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். விரலை உதறிக்கொண்டார். பிறகு, “இருக்கு,” என்றார்.

சக்கரத்தை இழுக்கும் பெல்ட் நைந்து கிடந்தது. என் கணவர் மில்லில் கழித்துப் போட்ட பெல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி, அளவாக வெட்டித் தைத்தார். டயர்கள் மட்டும் மதுரையிலிருந்து வந்தன. பின்சக்கரத்தின் இரு பக்கமும், பொதிமாட்டுக்குப் போல, இரும்புப் பட்டையால் இரண்டு கூடைகள் செய்து மாட்டினார். சுருள்களைப் பாதி பாதியாகப் பிரித்து வைத்தால் வண்டி ஒருபக்கம் சாயாது என்பது அவர் கணக்கு.

மதினியின் புளி

தேரோட்டத்துக்கு முன்பாகவே படம் வில்லிபுத்தூர் வந்து இறங்கிவிட்டது. மறுநாள் மாலை எங்கள் முதல் ஓட்டம் என்று அண்ணாச்சியிடமிருந்து ஆள் வந்து சொன்னான். வண்டி இன்னும் ஒருமுறைகூட உயிர்பெறவில்லை.

என் கணவர் அதைக் கொல்லையில் நிறுத்தி, பெட்ரோல் ஊற்றி, உதைத்தார். ஒன்றுமில்லை. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஈரமாயிற்று. உதைக்க உதைக்க வழிந்ததே தவிர எஞ்சின் இருமக்கூட இல்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவு மீறாமல் காப்பது ஒரு பித்தளை மிதவை. உள்ளே வெறும் காற்றுள்ள சின்னக் குமிழ் அது. திறந்து பார்த்தால், மிதக்க வேண்டிய மிதவை அடியில் முழுகிக் கிடந்தது. அதை வெளியே எடுத்த என் கணவர் திகைத்தார். பொன் போலப் பளபளத்தது.

“இதை யாரு தேச்சா?”

மதினி பெருமையாகச் சொன்னார்: “நாந்தான். கருகருன்னு கெடந்துச்சு. கிறிஸ்மஸ் வெளக்கு மாதிரி ஆக்கிருக்கேன் பாரு. புளி போட்டு, செங்கப் பொடி போட்டு, மூணு வாட்டி.”

காகிதம் போல் மெல்லிய அந்தப் பித்தளையில் செங்கல் பொடி எங்கோ ஓட்டை போட்டிருந்தது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. என் கணவர் மிதவையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதினி முகம் வாடிப் போனார்.

சைக்கிள் டியூபில் ஓட்டையைத் தண்ணீரில் அமுக்கிக் கண்டுபிடிப்பது எனக்கு நினைவு வந்தது. ஆனால் டியூபில் காற்றை அடைத்து அழுத்தலாம்; மூடிய குமிழில் எப்படி? காற்று சூடேறினால் தானாக வெளியே வரத்தானே வேண்டும் என்று தோன்றியது. உள்ளே புகுந்திருந்த பெட்ரோலை வெயிலில் ஆவியாக விட்டபின், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ச் செம்பில் மிதவையை அமுக்கினேன். மூவரும் குனிந்து பார்த்தோம். விளிம்புக்குக் கீழே, கடுகினும் சிறிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

“அந்தா, அந்தா,” என்றார் மதினி. மாக்னெட்டோ பட்ட விரலாலேயே தொட்டுக் காட்டினார்.

தெருமுனை நகைப் பத்தரிடம் கொண்டுபோய், மூக்குத்திக்கு வைக்கும் அளவில் ஈயப் பொட்டு வைத்து வாங்கி வந்தோம். கனம் கூடினால் மறுபடி முழுகிவிடும். பெட்ரோலில் போட்டுப் பார்த்தோம். மிதந்தது.

உதைப்பதற்கு முன் மதினி பெட்ரோல் தொட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்களை மூடினார். “ஆண்டவரே, இந்த இரும்புக்கு ஒரு மூச்சுக் குடும். ரொம்பக் கேக்கல. வில்லிபுத்தூர் வரைக்கும்.”

“திரும்பியும் வரணும்க்கா.”

“திரும்பியும் வர.”

மூன்றாவது உதையில் அது வெடித்தது. நெல் குத்துவது போல ஒன்று, இரண்டு, பிறகு இடைவிடாமல். கொல்லையில் மேய்ந்த கோழிகள் சுவரேறிப் பறந்தன. எதிர்வீட்டு ராஜு குடும்பத்து அக்கா, “ஏமி, ஏமி?” என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். சிறு வயதில் வேலிக்குள் விழுந்து முகர்ந்த அதே வாசனை என் வீட்டுக் கொல்லையில் நிறைந்தது. நான் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன், இல்லாவிட்டால் தட்டியிருப்பேன்.

ஒன்ஸ்மோர்

மறுநாள் மாலை எங்கள் கொட்டகை நிரம்பி, ஓரத் தட்டியைத் தூக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. முதல் பாதி சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டியை இறக்கிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்து, என் கணவர் திரும்பிப் போனார். ஆபரேட்டர் படத்தை ஓட்டினார். பெண்கள் பக்கத்தில் டார்ச் அடித்து இடம் காட்டுவது என் வேலை.

முதல் பாதி முடிகிற நேரம் நெருங்கியது. அவர் வரவில்லை. சத்தத்தைக் கேட்டு அறியலாமென்றால், மேல்காற்று எல்லாச் சத்தத்தையும் கிழக்கே அள்ளிக்கொண்டு போனது. முதல் பாதியின் கடைசிச் சுருள், கதாநாயகி தோட்டத்தில் பாடும் பாட்டோடு முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். கூட்டம் பேசியது, இருமியது, பிறகு முணுமுணுத்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், “பாதிப் படத்துக்கு முழு டிக்கெட்டா?” என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுப் பிடித்துவிட்டால் ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவுவார்கள். ஆபரேட்டரும் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி போடுவார். சினிமாப் பாட்டு காதில் விழுவதே பாவம் என்று நம்பிய மதினி, பெண்கள் பக்கத்து மணலில் எழுந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தேவாலயத்தில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கும் குரலில், “ஒன்ஸ்மோர்” என்றார்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கொட்டகை முழுவதும் அதையே கூவியது. பாட்டு மறுபடி ஓடியது. முடிந்ததும் மதினி மறுபடி எழுந்தார். இரண்டாம் முறை கூவியவர்கள் பாதிப்பேர்தான். மூன்றாம் முறைக்கு மதினி வாயைத் திறந்தபோது வெளியே அந்தச் சத்தம் கேட்டது. மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கதாநாயகிக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

வண்டியின் முகப்பில் விளக்கு இல்லை. வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கார்பைடு விளக்கு கழன்று விழுந்து நொறுங்கிவிட்டதாம். தேருக்குப் போகும் மாட்டுவண்டிகளின் அடியில் ஆடும் அரிக்கேன்களைப் பார்த்துப் பார்த்து, ஊர்ந்தே வந்திருக்கிறார்.

“பிந்திட்டனா?” என்றார்.

“எங்கலே பிந்துன? இப்பத்தான் பாட்டு முடிஞ்சுது,” என்றார் மதினி.

ஆபரேட்டர் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். முதல் பாதியைக் கூடைகளில் ஏற்றினோம். வில்லிபுத்தூர் மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. விளக்கில்லாமல் ஊர்ந்து போனால் பெட்டி போய்ச் சேராது. நாளைக்கும் படம் கிடையாது. யாராவது பின்னால் உட்கார்ந்து வெளிச்சம் காட்ட வேண்டும். இரண்டு கூடைச் சுருள்களோடு கனத்த ஆளை அந்த எஞ்சின் இழுக்காது. டார்ச் என் கையில் இருந்தது. நான் அப்போது மெலிந்தவள்.

நான் மதினியைப் பார்த்தேன். ஊர்ப் பெண்கள் எல்லாம் தட்டி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி ஞானம், ஏறு,” என்றார் மதினி. “ஊரு பேசுறது நாளைக்கி. பெட்டி போறது இன்னைக்கி.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். என் கணவரின் தோளுக்கு மேல் டார்ச்சை நீட்டிப் பிடித்தேன். சாலை எங்களை நோக்கி ஓடிவந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்து போயின. காற்று வலப்பக்கம் தள்ளியது. நானும் வண்டியும் இடப்பக்கம் சாய்ந்தோம். “பள்ளம்,” என்று காதருகில் கத்துவேன், அவர் ஒதுங்குவார். “வண்டி மாடு,” என்பேன், ஒதுங்குவார். என் வாழ்நாளில் நான் அவரிடம் முதன்முதலாக உரக்கப் பேசியது அன்றுதான். வாயில் புழுதி நிறைந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது, பல்லில் மணல் நறநறத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

கோபுரத்து விளக்கு தெரிந்தது. பிறகு கொட்டகை. சங்கரலிங்கம் அண்ணாச்சி வாசலில் நின்றார். மணியை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தார்.

வண்டி நின்றதும் நான் இறங்கினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், டார்ச்சைப் பார்த்தார், விளக்கில்லாத முகப்பைப் பார்த்தார். பெட்டியை இறக்கி எண்ணச் சொன்னார். சுருள்கள் சரியாக இருந்தன.

“பெட்டிய மட்டுந்தான கேட்டேன். வீட்டம்மாவையும் கொண்டாந்துட்டீரே வேய்,” என்றார்.

“வெளக்கு விழுந்துருச்சு அண்ணாச்சி,” என்றேன் நான்.

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பினார். “நாளைக்கிச் செத்த வெள்ளன வாரும். தேர்க் கூட்டம் ரோட்ட மறிச்சிரும். தாயி, நீயும் வந்துரு. இவரு கண்ணை நம்பி என்னால பெட்டிய அனுப்ப முடியாது.”

சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

திரும்பும்போது கூடைகள் காலியாக இருந்தன. எங்கள் கொட்டகையில் பின்பாதி ஓடிக்கொண்டிருந்தது. அது முடிய இன்னும் நேரம் இருந்தது. விரைய வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.